டர்ன்டேபிள்ல ஹம், கரகர, உறுமல்: சத்தம் எங்க நுழையுதுன்னு பிடிக்கிறது எப்படி

டர்ன்டேபிள் (ரெக்கார்டு பிளேயர்) செட்டப்ல சத்தம் வருதுன்னா முதல் வேலை எதையும் வாங்காம இருக்கறது. கேபிளை மாத்து, கார்ட்ரிட்ஜை மாத்து, பவர் கண்டிஷனர் போடுன்னு ஆளுக்கொரு யோசனை சொல்லுவாங்க, எல்லாத்தையும் கேட்டா காசு போகும், சத்தம் மட்டும் அங்கயே இருக்கும். ஏன்னா ஊசி முனையிலேர்ந்து ஸ்பீக்கர் வரைக்கும் நடுவுல ஏகப்பட்ட இணைப்பு இருக்கு, அதுல எந்த இடத்துல சத்தம் உள்ள நுழையுதுன்னு தெரியாம எதை மாத்தினாலும் குருட்டாம்போக்கு தான். இடம் தெரிஞ்சுட்டா மீதி வேலை பெரும்பாலும் ரொம்ப சின்னது, ஒரு ஸ்க்ரூவை முறுக்கறது, ஒரு வயரை தள்ளி வைக்கறது, ஒரு பின்னை துடைக்கறது, அவ்வளவுதான்.

டர்ன்டேபிளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பாடுன்னு தெரிஞ்சுக்கிட்டா பின்னாடி சொல்றது எல்லாம் சுலபமா புரியும். ஊசியை பிடிச்சிருக்கற குட்டி பாகத்துக்கு கார்ட்ரிட்ஜ்னு பேர். சாதாரண எம்எம் (மூவிங் மேக்னட்) கார்ட்ரிட்ஜ்லேர்ந்து வர்ற சிக்னல் 3லேர்ந்து 5 மில்லிவோல்ட் தான், சிடி பிளேயரோ 2 வோல்ட் குடுக்கும், அதாவது குறைஞ்சது 400 மடங்கு கம்மி. எம்சி (மூவிங் காயில்) கார்ட்ரிட்ஜ்னா இன்னும் மோசம், பல மாடல்ல 0.2லேர்ந்து 0.5 மில்லிவோல்ட்குள்ள தான் இருக்கும். இதை தூக்கி நிறுத்தறதுக்கு போனோ ப்ரீஆம்ப் (ரெக்கார்டு சிக்னலை பெருக்குற பகுதி, ஆம்புக்குள்ளயோ தனி பெட்டியாவோ இருக்கும்) எம்எம்முக்கு சுமார் 100 மடங்கும் எம்சிக்கு சுமார் 1000 மடங்கும் பெருக்குது, அந்த வழியில வயருக்குள்ள புகுந்த எந்த குப்பையும் பாட்டோட சேர்ந்து அதே அளவுக்கு பெருகிடும். அது போக இன்னொண்ணு இருக்கு, ரெக்கார்டு வெட்டும்போது பேஸை குறைச்சு ட்ரெபிளை கூட்டி தான் வெட்டுவாங்க, போனோ ப்ரீஆம்ப் அதை திருப்பி போடும், 1954லேர்ந்து இதுக்கு ஆர்ஐஏஏ கர்வ்னு ஒரு பொது அளவு இருக்கு. அந்த கர்வ்படி 50 ஹெர்ட்ஸ் சத்தம் 1000 ஹெர்ட்ஸ் சத்தத்தை விட 17 டெசிபல் கிட்ட, அதாவது 7 மடங்கு, அதிகமா பெருகும். கரண்ட்டு ஓடுறது 50 ஹெர்ட்ஸ்ல, சில நாட்டுல 60ல. ஆக ஹம் எந்த இடத்துல உக்காந்திருக்கோ சரியா அந்த இடத்தை தான் போனோ ப்ரீஆம்ப் தூக்கி விடுது, அதனால தான் சிடில கேக்காத ஹம் ரெக்கார்டுல கேக்குது.

இதுலேர்ந்தே ஒரு விஷயம் தெளிவாகுது, வால்யூமை முழுசா திருப்பி வச்சிட்டு ஸ்பீக்கர்ல காதை ஒட்டிக்கிட்டு கேட்டா எந்த செட்டப்லயும் லேசா ஹம்மும் புஸ்ஸுன்னு ஒரு இரைச்சலும் இருக்கத்தான் செய்யும். அதை துரத்த வேண்டாம். நீங்க வழக்கமா கேக்கற வால்யூம்ல, ஊசியை தூக்கி வச்சிட்டு, வழக்கமா உக்கார்ற இடத்துல உக்காந்து கேளுங்க, அங்க கேக்கலைன்னா உங்க செட்டப் நல்லா இருக்கு, போய் பாட்டு கேளுங்க.

அங்கயும் கேக்குதுன்னா அது என்ன மாதிரி சத்தம்னு முதல்ல காதால பிரிச்சுக்கோங்க. ம்ம்ம்னு அடித்தொண்டையில ஒரே சீரா வந்தா அது ஹம், அனேகமா எர்த் பிரச்சனை இல்லன்னா பக்கத்துல டிரான்ஸ்ஃபார்மர். அதே ஹம் ஆனா ஓரம் கூர்மையா ட்ர்ர்ர்னு வண்டு மாதிரி வந்தா அது பஸ் (buzz), டிம்மர், சார்ஜர், எல்ஈடி லைட்டு இதையெல்லாம் சந்தேகப்படணும். புஸ்ஸுன்னு வந்தா ஹிஸ், அது எலெக்ட்ரானிக்ஸ் தானா போடுறது. ஊசி ரெக்கார்டுல இருக்கும்போது மட்டும் அடியில கடகடன்னு உறுமினா ரம்பிள், மோட்டார் இல்லன்னா பேரிங். சடசட, டிக் டிக்னா ரெக்கார்டு அழுக்கு, கீறல், ஸ்டேட்டிக். வால்யூம் கூட்டக்கூட்ட ஊன்னு ஊளையிட ஆரம்பிச்சா ஃபீட்பேக். இந்த ஆறும் வேற வேற நோய், ஒண்ணுக்கு குடுக்கற மருந்து இன்னொண்ணுக்கு கேக்காது. ஹம்முக்கு ரெக்கார்டை கழுவறவங்களும் சடசடப்புக்கு எர்த் வயரை மாத்தறவங்களும் நிறைய பேர் இருக்காங்க, அதனால தான் இதை இவ்வளவு அழுத்தி சொல்றேன்.

பின்னாடிலேர்ந்து முன்னாடி வாங்க

சத்தத்தை தேடுறது ஸ்பீக்கர் பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கணும், டர்ன்டேபிள்லேர்ந்து இல்ல. ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம், அதுக்கு மேல வேண்டாம். எந்த ஆர்சிஏ கேபிளை (இடது வலதுக்கு தனித்தனி ப்ளக் இருக்கற ஆடியோ கேபிள்) கழட்டினாலும் மாட்டினாலும் அதுக்கு முன்னாடி ஆம்பை (ஆம்ப்ளிஃபையரை) ஆஃப் பண்ணிடுங்க, ஓடிட்டு இருக்கற ஆம்புல போனோ கேபிளை உருவினா வர்ற சத்தம் ஸ்பீக்கரையே காலி பண்ணிடும்.

ஆம்பை ஆன் பண்ணி வால்யூமை பூஜ்யத்துல வைங்க. அப்பவும் ஸ்பீக்கர்ல ஹம் அதே அளவு வருதா? அப்ப டர்ன்டேபிள் மேல பழி இல்ல, ஆம்போட பவர் சப்ளை இல்லன்னா அவுட்புட் பகுதியில தான் கோளாறு. வயசான ஆம்புல ஃபில்டர் கெப்பாசிட்டர் காஞ்சு போனா இப்படி தான் ஆகும், அந்த ஹம் 50க்கு பதில் 100 ஹெர்ட்ஸ்ல, 60 ஓடுற நாட்டுல 120ல, கொஞ்சம் கனமா வரும். அதுக்காக மூடியை கழட்டாதீங்க, ப்ளக்கை உருவின அப்புறமும் பெரிய கெப்பாசிட்டர்ல சார்ஜ் தங்கி இருக்கும், தெரிஞ்ச டெக்னீஷியன் கை வைக்க வேண்டிய வேலை அது. இங்க ஒண்ணு கவனிங்க, சத்தம் ஸ்பீக்கர்ல வருதா இல்ல ஆம்பு பெட்டியிலேயே வருதான்னு பக்கத்துல போய் கேளுங்க. பெட்டியே உம்ம்னு முனகினா அது டிரான்ஸ்ஃபார்மர் உடம்பு அதிர்ற சத்தம், பாட்டு சிக்னல்ல அது கலக்கல, எர்த் வயரால அதை ஒண்ணும் பண்ண முடியாது.

வால்யூம் பூஜ்யத்துல அமைதி, திருப்பினா ஏறுதுன்னா சத்தம் வால்யூம் கண்ட்ரோலுக்கு முன்னாடி எங்கயோ நுழையுது. இப்ப செலக்டரை ஆக்ஸ், சிடி, ட்யூனர்னு மாத்தி மாத்தி பாருங்க. எல்லாத்துலயும் ஒரே மாதிரி வந்தா ஆம்புக்குள்ளயோ கிரவுண்ட் லூப்பாவோ (அது என்னன்னு கீழ சொல்றேன்) இருக்கும். போனோல மட்டும் வந்தா நல்ல செய்தி, தேட வேண்டிய இடம் பாதியா சுருங்கிடுச்சு.

அடுத்து ஆம்பை ஆஃப் பண்ணி டர்ன்டேபிள் கேபிளை போனோ சாக்கெட்லேர்ந்து உருவிட்டு மறுபடி ஆன் பண்ணி வால்யூமை மெதுவா ஏத்தணும். இந்த இடத்துல தான் பலர் தப்பான முடிவுக்கு வந்துடறாங்க. எதுவும் மாட்டாத போனோ இன்புட் சும்மா இருக்காது, எம்எம் இன்புட்டோட தடை 47 கிலோ ஓம், அது வாயை திறந்துக்கிட்டு இருந்தா காத்துல இருக்கற ஹம்மை எல்லாம் ஆன்டெனா மாதிரி வாங்கிக்கும். அதை கேட்டுட்டு ஐயோ ப்ரீஆம்ப் போச்சுன்னு நினைக்கக் கூடாது. ஷார்ட்டிங் ப்ளக்னு சின்னதா ஒண்ணு கிடைக்கும், ஆர்சிஏ ப்ளக்கோட நடு பின்னையும் வெளி வளையத்தையும் உள்ளேயே சேர்த்து விட்டது, பழைய ஆர்சிஏ ப்ளக் ரெண்டு இருந்தா நீங்களே பத்த வச்சுக்கலாம். அதை போனோ இன்புட் ரெண்டுலயும் சொருகி கேளுங்க, இது இன்புட்டுக்கு மட்டும் தான், அவுட்புட் சாக்கெட்ல சொருகிடாதீங்க. சொருகியும் ஹம் இருந்தா ப்ரீஆம்ப் இல்லன்னா அதோட அடாப்டர். அமைதியா ஆயிட்டா ப்ரீஆம்ப் சுத்தம், குற்றவாளி டர்ன்டேபிள், அதோட கேபிள், இல்லன்னா அது இருக்கற இடம்.

இதுக்கு நடுவுல போனோ லைன் ஸ்விட்சை ஒரு தடவை பாத்துடுங்க. இப்ப வர்ற நிறைய டர்ன்டேபிள்ல ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கு, பின்னாடி ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். அது லைன்ல இருந்து நீங்க ஆம்போட போனோ சாக்கெட்ல மாட்டினா ரெண்டு தடவை பெருகி பேஸ் எல்லாம் கொழகொழன்னு, குரல் எல்லாம் கிழிஞ்சு வரும், ஹம்மும் பயங்கரமா இருக்கும். அதே போனோல இருந்து ஆக்ஸ்ல மாட்டினா பாட்டு எங்கயோ தூரத்துல தகரத்துல தட்டின மாதிரி கேக்கும், அதை சரிக்கட்ட வால்யூமை முழுசா ஏத்துவீங்க, அப்ப ஹம்மும் கூட ஏறும். எம்சி கார்ட்ரிட்ஜை எம்எம் இன்புட்ல மாட்டினாலும் இதே கதை தான், சத்தம் பத்தாம வால்யூமை ஏத்தி ஏத்தி கடைசில ஹிஸ் தான் மிஞ்சும்.

எர்த் வயர்

போனோ ஹம்ல பெரும்பகுதி இதுல தான் முடியும். டர்ன்டேபிள் பின்னாடியிலேர்ந்து ஆர்சிஏ கூடவே மெல்லிசா ஒரு வயர் வரும், முனையில யூ ஷேப்ல ஒரு தகடு இருக்கும், அது ஆம்புலயோ தனி ப்ரீஆம்புலயோ கிரவுண்ட்னு போட்ட ஸ்க்ரூல போய் உக்காரணும். டோன்ஆர்ம் (கார்ட்ரிட்ஜை தாங்குற கை) உலோகம், மோட்டார் பாடி இதெல்லாம் சேர்ந்து அந்த வயர் வழியா தான் ஆம்போட கிரவுண்டுக்கு போகுது. அது விட்டுப்போச்சுன்னா டோன்ஆர்ம் குழாயே ஆன்டெனா ஆயிடும்.

இதை சோதிக்க விரலே போதும். ஹம் வந்துட்டு இருக்கும்போது டோன்ஆர்மை தொடுங்க. தொட்டதும் ஹம் சட்டுன்னு குறைஞ்சா எர்த் எங்கயோ அறுந்திருக்கு, உங்க உடம்பு அந்த வேலையை தற்காலிகமா பாக்குது. அப்ப எல்லாத்தையும் ப்ளக்லேர்ந்து உருவிட்டு மல்டிமீட்டரை ஓம்ல வச்சு, ஒரு முனை எர்த் வயர் தகட்டுல, இன்னொரு முனை டோன்ஆர்ம்ல பெயின்ட் இல்லாத உலோகத்துல வச்சு பாருங்க, ஒண்ணு ரெண்டு ஓம்குள்ள காட்டணும். எதுவும் காட்டலைன்னா வயர் உள்ளயே விட்டிருக்கு. காட்டுது ஆனா ஹம் போகலைன்னா ஸ்க்ரூ பக்கம் பாருங்க, பச்சை பூத்த தகடு, பெயின்ட் மேல உக்காந்த ஸ்க்ரூ, வயரோட ப்ளாஸ்டிக் உறைக்கு மேலயே முறுக்கி விட்டது, இதெல்லாம் சகஜம். உப்புத்தாள்ல லேசா தேய்ச்சு பளிச்சுனு ஆக்கிட்டு இறுக்குங்க.

சில டர்ன்டேபிள்ல இந்த வயரே இருக்காது, ரேகா (Rega) மாதிரி சில கம்பெனிங்க எர்த்தை ஆர்சிஏ கேபிளோட வெளி கவசத்துலயே சேர்த்து விட்டுடுவாங்க. வயர் இல்லையேன்னு பதறாதீங்க, அதுக்கு மேல நீங்களா ஒரு எர்த் வயர் இழுத்தா ரெண்டு வழி ஆகி ஹம் கூடவும் வாய்ப்பு இருக்கு. உள்ளயே ப்ரீஆம்ப் இருக்கற மாடல்லயும் இதே மாதிரி தான், எர்த் வயரை மாட்டியும் பாருங்க, மாட்டாமலும் பாருங்க, எது அமைதியா இருக்கோ அது தான் சரி.

இந்த ரெண்டு வழி சமாச்சாரத்துக்கு தான் கிரவுண்ட் லூப்னு பேர். ரெண்டு பொருளுக்கு நடுவுல கிரவுண்ட் ஒரு வழியில சிக்னல் கேபிள்லயும், இன்னொரு வழியில சுவத்து ப்ளக்கோட எர்த் பின்லயும் போனா ஒரு வளையம் உண்டாகுது, அந்த வளையத்துல கரண்ட்டு ஓடி ஹம்மா கேக்குது. கம்ப்யூட்டரை ஆம்புல மாட்டி இருந்தா, இல்ல டிவியோட கேபிள் வயர் எங்கயோ தனியா எர்த் ஆகி இருந்தா இது வரும். சோதனை சுலபம், டர்ன்டேபிளும் ஸ்பீக்கரும் மட்டும் இருக்க மத்த எல்லாத்தையும் ஆம்பு பின்னாடிலேர்ந்து உருவுங்க, ஆஃப் பண்ணா பத்தாது, கேபிளையே உருவணும். ஹம் போயிட்டா ஒவ்வொண்ணா திரும்ப மாட்டுங்க, எதுல திரும்பி வருதோ அது தான் ஆளு. டிவி கேபிள்னா கோஆக்ஸ் ஐசொலேட்டர், கம்ப்யூட்டர்னா ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டா போயிடும். அதுக்கு முன்னாடி எல்லா ப்ளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகி பாருங்க, பல நேரம் அதுலயே அடங்கிடும்.

ஒண்ணு மட்டும் கட்டாயம் கேளுங்க, ஹம் போகுதுன்னு மூணு பின் ப்ளக்ல எர்த் பின்னை வெட்டவோ உள்ள வயரை கழட்டவோ கூடாது. ஹம் போகும், உண்மை தான், ஆனா ஆம்புக்குள்ள ஒரு நாள் லைன் வயர் பாடியில பட்டா ஃப்யூஸ் போறதுக்கு பதிலா பாடி முழுக்க கரண்ட்டு நிக்கும், எர்த் வயர் வழியா டர்ன்டேபிள் டோன்ஆர்ம் வரைக்கும் அது வந்துடும், நீங்க தொடுறது அதை தான். எந்த பாட்டும் அவ்வளவு பெருசு இல்ல.

எங்க வச்சிருக்கீங்க

எர்த் எல்லாம் சரி, லூப் இல்ல, ஆனா போனோல ஹம் இருக்குன்னா இடம் தான் காரணம். கார்ட்ரிட்ஜுக்குள்ள இருக்கறது மெல்லிசான கம்பியில சுத்தின காயில், மேக்னட் அசைஞ்சா கரண்ட்டு உண்டாக்குறது அதோட வேலை, பக்கத்துல டிரான்ஸ்ஃபார்மரோட காந்தப்புலம் அசைஞ்சாலும் அதே வேலையை தான் பாக்கும், அதுக்கு வித்தியாசம் தெரியாது. ஆம்புக்கு மேலயே டர்ன்டேபிளை அடுக்கி வைக்கறது பாக்க அழகா இருக்கும், ஆனா ஹம்முக்கு அதை விட நல்ல அழைப்பு கிடையாது.

இதை கண்டுபிடிக்க எனக்கு ரொம்ப பிடிச்ச ஒரு சோதனை இருக்கு. போனோல வச்சு வால்யூமை வழக்கத்தை விட கொஞ்சம் கூட்டிக்கோங்க, மோட்டார் ஆஃப், லிஃப்ட் லீவர் மேல தூக்கி இருக்கட்டும், ஊசி எதுலயும் படக்கூடாது. இப்ப கையால டோன்ஆர்மை ரெஸ்ட்லேர்ந்து எடுத்து பிளாட்டரோட (ரெக்கார்டு உக்கார்ற தட்டு) ஓரத்துலேர்ந்து நடு லேபிள் வரைக்கும் மெதுவா நகத்துங்க. ஹம் ஒரு இடத்துல ஏறி இன்னொரு இடத்துல இறங்கினா கீழயோ பக்கத்துலயோ ஏதோ ஒரு காந்தப்புலம் இருக்கு, எங்க அதிகமா கேக்குதோ அந்த திசையில தேடுங்க. அப்புறம் மோட்டாரை ஓட விட்டு அதே மாதிரி நகத்துங்க. மோட்டார் ஓடும்போது மட்டும், அதுவும் ஆர்ம் மோட்டார் கிட்ட போகப்போக ஏறினா காரணம் மோட்டார். கவசம் இல்லாத கார்ட்ரிட்ஜும் உலோகத்தகடு இல்லாத டர்ன்டேபிளும் சேர்ந்தா இது வரும், ரெண்டும் தனித்தனியா நல்ல பொருளா இருக்கலாம், ஜோடி மட்டும் பொருந்தல, கார்ட்ரிட்ஜை மாத்தறது தான் நிரந்தர வழி.

வெளியில இருக்கற டிரான்ஸ்ஃபார்மர்னா தள்ளி வைங்க, ஒரு அடி தள்ளினாலே பெரிய வித்தியாசம் தெரியும், தூரம் கூடினா காந்தப்புலம் ரொம்ப வேகமா குறையும். இடம் இல்லைன்னா ப்ரீஆம்பை 90 டிகிரி திருப்பி பாருங்க. அடாப்டரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல டர்ன்டேபிளுக்கு தூரமான கடைசி சாக்கெட்ல சொருகுங்க. பவர் கார்டும் போனோ கேபிளும் ஒண்ணா கட்டி விட்டிருந்தா அவுத்து விடுங்க, குறுக்க போக வேண்டி வந்தா நேர் குறுக்கா, செங்கோணத்துல போகட்டும், ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நீளமா ஓடக் கூடாது.

பஸ் சத்தம்னா வீட்ல ஒவ்வொண்ணா அணைச்சுக்கிட்டே போங்க. டிம்மர் போட்ட லைட்டு, மலிவான எல்ஈடி பல்பு, போன் சார்ஜர், வைஃபை ரௌட்டர், ஃபேன் ரெகுலேட்டர், இதுல ஒண்ணு நிக்கும். போன் ஆம்பு பக்கத்துல இருந்து கால் வர்றதுக்கு முன்னாடி டிட்டி டிட் டிட்டி டிட்னு வருதுன்னா அது 2ஜி சிக்னல் 217 ஹெர்ட்ஸ்ல விட்டு விட்டு அனுப்பறது, போனை நகத்தினா முடிஞ்சுது. ரெக்கார்டு ஓடாம இருக்கும்போது ரேடியோ பேச்சு லேசா கேக்குதுன்னா ஆர்சிஏ கேபிள் தான் ஆன்டெனா வேலை பாக்குது, கேபிளை ப்ரீஆம்ப் கிட்ட ஃபெரைட் க்ளிப்ல ரெண்டு சுத்து சுத்தி மாட்டுங்க, நீளமா தொங்குற கேபிளை சின்னதா மாத்துங்க.

ஒரு பக்கம் மட்டும் வருதா

ஹம்மோ கரகரவோ இடது வலதுல ஒரு பக்கம் மட்டும் வந்தா சந்தோஷப்படுங்க, இதை பிடிக்கறது தான் எல்லாத்தையும் விட சுலபம். ஆம்பை ஆஃப் பண்ணி போனோ இன்புட்ல இடது வலது ப்ளக்கை மாத்தி சொருகுங்க. சத்தமும் பக்கம் மாறிட்டா கோளாறு ப்ளக்குக்கு முன்னாடி, அதாவது டர்ன்டேபிள்ல. மாறலைன்னா ஆம்பு பக்கம். தனி ப்ரீஆம்ப் இருந்தா அதோட அவுட்புட்லயும் இதையே செய்ங்க.

டர்ன்டேபிள்ல தான்னு தெரிஞ்சா கார்ட்ரிட்ஜ் பின்னாடி பாருங்க, நல்ல வெளிச்சமும் முடிஞ்சா ஒரு லென்ஸும் வேணும். நாலு சின்ன பின், நாலு முடி மாதிரி வயர், ஒவ்வொண்ணுக்கும் முனையில குட்டியா ஒரு உலோக க்ளிப். வெள்ளை இடது சிக்னல், நீலம் இடது கிரவுண்ட், சிவப்பு வலது சிக்னல், பச்சை வலது கிரவுண்ட். நீலமோ பச்சையோ லூஸா இருந்தா அந்த பக்கம் ஹம் பிச்சுக்கிட்டு வரும், வெள்ளையோ சிவப்போ விட்டா அந்த பக்கம் பாட்டே வராது. ஊசியை தனியா கழட்ட முடிஞ்சா முதல்ல கழட்டி பத்திரமா வச்சிடுங்க, முடியாதுன்னா ஊசி மேல பாதுகாப்பு மூடியை போட்டுக்கோங்க, அப்புறம் ட்வீசரால க்ளிப்பை பிடிச்சு மெதுவா உருவணும், வயரை பிடிச்சு இழுத்தா பத்தின இடத்துல பட்டுனு அறுந்துடும். பின்னை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால துடைச்சு, க்ளிப் அகண்டு போயிருந்தா உள்ள ஒரு டூத்பிக்கை விட்டுக்கிட்டு வெளியில லேசா நெருக்கி, திரும்ப மாட்டுங்க. கார்ட்ரிட்ஜ் பின்ல நேரடியா சால்டரிங் அயர்னை வைக்கவே கூடாது, சூட்டுல உள்ள காயில் போயிடும்.

ஹெட்ஷெல்லை (கார்ட்ரிட்ஜ் மாட்டி இருக்கற ஆர்ம் முனை) திருகி கழட்டற மாதிரி ஆர்ம்னா அங்கயும் நாலு தங்க நிற புள்ளி இருக்கும், அதையும் அதே மாதிரி துடைங்க. பழைய டர்ன்டேபிள்ல ஒரு பக்கம் வந்து வந்து போறதுக்கு இந்த நாலு புள்ளியில படிஞ்ச கருப்பு தான் அனேகமா காரணம்.

ஊசி இறங்கினா மட்டும் வர்ற சத்தம்

இது வரைக்கும் சொன்னது எல்லாம் ஊசி மேல இருக்கும்போதே கேக்கும். ஊசி இறங்கின அப்புறம் மட்டும் கேட்டா அது கரண்ட்டு பிரச்சனை இல்ல, அதிர்வு. ஊசிக்கு பள்ளத்துல இருக்கற பாட்டும் மேஜை அதிர்றதும் ஒண்ணு தான்.

மோட்டாரை ஆஃப் பண்ணிட்டு, நிக்கற ரெக்கார்டு மேல ஊசியை இறக்குங்க, வால்யூமை வழக்கமான அளவுக்கு மெதுவா ஏத்துங்க. இப்ப டர்ன்டேபிள் இருக்கற ஷெல்ஃபை விரலால லேசா தட்டுங்க. ஸ்பீக்கர்ல டம்முனு கேக்கும், கொஞ்சம் கேக்கறது இயல்பு, ஆனா டம்ம்ம்ம்னு இழுத்து ரீங்காரமா நின்னா அந்த ஷெல்ஃப் ஸ்பீக்கர் சத்தத்தை வாங்கி ஊசிக்கு குடுத்துட்டு இருக்கு, அது திரும்ப ஸ்பீக்கருக்கு போய், திரும்ப ஊசிக்கு வந்து, வால்யூம் ஏத்தினா ஊளையிடும். ஸ்பீக்கரும் டர்ன்டேபிளும் ஒரே பலகையில இருக்கவே கூடாது, இதுல சமாதானத்துக்கே இடம் இல்ல. கனமான, ஆடாத தளம் வேணும், மரத்தளம் போட்ட வீட்ல நடந்தாலே ஊசி குதிக்குதுன்னா சுவத்துல அடிச்ச ஷெல்ஃப் தான் நல்லது. ரூம் மூலையில பேஸ் தேங்கும், அங்கேர்ந்தும் எடுத்துடுங்க. மேல் மூடியை எடுத்துட்டு ஒரு தடவை கேட்டு பாருங்க, சில மூடி ஸ்பீக்கர் சத்தத்துக்கு நல்லா அதிரும்.

மோட்டார் ஓடினா மட்டும் வர்ற உறுமல் தான் ரம்பிள். புதுசா வாங்கினதுன்னா லாரியில வரும்போது ஆடாம இருக்க போட்ட ட்ரான்சிட் ஸ்க்ரூவை கழட்டினீங்களான்னு மேனுவலை பாருங்க. பெல்ட் மாடல்னா பெல்ட்டை கழட்டிட்டு மோட்டாரை மட்டும் ஓட விட்டு, நிக்கற ரெக்கார்டுல ஊசி வச்சு கேளுங்க, அப்பவும் உறுமல் வந்தா மோட்டார் தாங்கி நிக்கற ரப்பர் கெட்டி ஆயிருக்கும். வரலைன்னா பெல்ட் மாட்டாம பிளாட்டரை கையால சுத்தி விட்டு கேளுங்க, அதுல வந்தா பேரிங் காஞ்சிருக்கு, பழைய எண்ணெயை துடைச்சுட்டு மேனுவல் சொல்ற எண்ணெய் ரெண்டு மூணு சொட்டு விடணும்.

ஊஃபர் கோன் மட்டும் சத்தமே இல்லாம முன்னும் பின்னும் மூச்சு விடுற மாதிரி ஆடுதுன்னா அது வளைஞ்ச ரெக்கார்டு, இல்லன்னா ஆர்மோட எடையும் கார்ட்ரிட்ஜோட இளக்கமும் பொருந்தாதது. இந்த ஜோடியோட ரெசொனன்ஸ் 8லேர்ந்து 12 ஹெர்ட்ஸ்குள்ள இருக்கணும்னு சொல்லுவாங்க, அதுக்கு கீழ போனா வளைவும் காலடியும் எல்லாம் ஆட்டி வைக்கும். ஆம்புல சப்சானிக் ஃபில்டர் (காதுக்கு கேக்காத அடி அதிர்வை வெட்டுறது) பட்டன் இருந்தா அமுக்குங்க, பாட்டுல எதுவும் குறையறதா யாருக்கும் தெரியாது, ஆம்பும் ஊஃபரும் நிம்மதியா இருக்கும்.

சடசடப்புக்கு சுருக்கமா சொல்றேன். டிக் சத்தம் 1.8 செகண்டுக்கு ஒரு தடவை சரியா வந்தா அது அந்த ரெக்கார்டுல இருக்கற ஒரே கீறல், 33⅓ ஸ்பீடுல ஒரு சுத்துக்கு அவ்வளவு தான் நேரம், செட்டப்பை நோண்ட வேண்டாம். எல்லா ரெக்கார்டுலயும் தாறுமாறா வந்தா ஊசி முனையை லென்ஸ் வச்சு பாருங்க, பஞ்சு மாதிரி தூசி உருண்டை கட்டி இருக்கும், பின்னாடிலேர்ந்து முன்னாடி பக்கமா மட்டும், ரெக்கார்டு ஓடுற திசையில, ப்ரஷ்ஷால இழுங்க, பக்கவாட்டுல இழுத்தா கேன்டிலீவர் (ஊசியை தாங்குற மெல்லிசான குச்சி) முறிஞ்சுடும். காத்து வறண்டு இருக்கற நேரத்துல உறையிலேர்ந்து எடுக்கும்போதே படபடன்னா ஸ்டேட்டிக், பேப்பர் உறையை எடுத்துட்டு ஆன்டி ஸ்டேட்டிக் உள்ளுறை போடுங்க, கார்பன் ஃபைபர் ப்ரஷ் ஓட்டுங்க. கழுவினா நல்லா கழுவுங்க, காய்ச்சி வடிச்ச தண்ணியால அலசுங்க, லேபிள் நனையக் கூடாது. பழைய 78 ஷெல்லாக் தட்டுல மட்டும் ஆல்கஹால் கலந்த எதுவும் படக்கூடாது, கரைஞ்சு போயிடும்.

ஸ, ஷ எழுத்து வர்ற இடத்துல எல்லாம் ஸ்ஸ்ஸ்னு கிழியுது, அதுவும் ரெக்கார்டோட உள் பாட்டுல அதிகமா கிழியுதுன்னா ஊசி ரெக்கார்டை அமுக்கற எடையை அளந்து பாருங்க. ஊசி பதிஞ்சு போகும்னு பயந்து எடையை குறைக்கறவங்க நிறைய, ஆனா எடை பத்தலைன்னா தான் ஊசி பள்ளத்துல பிடிப்பு இல்லாம ரெண்டு சுவத்துலயும் மோதி மோதி செதுக்கும், ரெக்கார்டு நிரந்தரமா போறது அப்படி தான். கார்ட்ரிட்ஜ் கம்பெனி சொன்ன அளவுக்குள்ள, சந்தேகம்னா மேல் பக்கமா வைங்க. எடை, அலைன்மென்ட் (கார்ட்ரிட்ஜ் பள்ளத்துக்கு நேரா நிக்கறது) எல்லாம் சரியா இருந்தும் கிழிஞ்சா ஊசியோட ஆயுசு முடிஞ்சிருக்கும், ஊசி வகையை பொறுத்து 500லேர்ந்து 1000 மணி நேரம் தான் பொதுவா சொல்ற கணக்கு.

ஆம்பு பக்கம் இன்னும் ரெண்டு. வால்யூமை திருப்பும்போது மட்டும் கரகரன்னா வால்யூம் கண்ட்ரோலுக்கு உள்ள தூசி படிஞ்சிருக்கு, ஆஃப் பண்ணிட்டு இந்த கோடிக்கும் அந்த கோடிக்கும் இருபது தடவை திருப்புங்க, போகலைன்னா கான்டாக்ட் க்ளீனர் அடிக்க டெக்னீஷியன் கிட்ட குடுங்க. துருவுக்கு அடிக்கற ஸ்ப்ரேயை மட்டும் அதுல அடிச்சிடாதீங்க. டர்ன்டேபிள் நிக்கும்போது டப்புனு ஸ்பீக்கர்ல ஒரு அடி விழுந்தா மோட்டார் ஸ்விட்ச்ல தீப்பொறி அடக்கறதுக்கு இருக்கற சின்ன கெப்பாசிட்டர் செத்துப்போச்சு, பழைய மாடல்ல சாதாரணமா வர்றது தான், அதுக்குன்னே செஞ்ச சேஃப்டி ரேட்டிங் உள்ள எக்ஸ் டைப் கெப்பாசிட்டரை தான் திரும்ப போடணும், கையில கிடைச்சதை போடக் கூடாது.

டெக்னீஷியன் கிட்ட போக வேண்டி வந்தா ஹம் வருதுன்னு மட்டும் சொல்லாதீங்க. வால்யூம் பூஜ்யத்துல இருக்கா இல்லையா, எந்த செலக்டர்ல, ஷார்ட்டிங் ப்ளக் போட்டா என்ன ஆச்சு, ப்ளக்கை மாத்தினா பக்கம் மாறிச்சா, இந்த நாலையும் ஒரு சீட்டுல எழுதி ஆம்பு மேல ஒட்டி குடுங்க, அதோட டர்ன்டேபிளையும் கேபிளையும் கூடவே கொண்டு போங்க, ஏன்னா பாதி கேஸ்ல ஆம்பு மட்டும் போனா கடையில சத்தமே வராது.